தூக்கத்துல அலறுற குழந்தை: முதல்ல மணி என்னன்னு பாருங்க

மூணரை வயசு பொண்ணு, படுத்து கொஞ்ச நேரத்துல வீல்னு அலறிட்டு எந்திரிச்சு உக்காந்துக்கறா, தூக்கப் போனா அம்மான்னு கூட தெரியாம தள்ளி விடறா, வாரத்துல பாதி நாள் இதே கதை, மாமியார் காத்து கருப்பு அண்டியிருக்குங்கறாங்க, வீட்டுக்காரர் நீ குடுக்கற செல்லந்தான் காரணம்ங்கறாரு, இதுல எது சரின்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுமே இல்லைங்க. காத்தும் இல்ல, செல்லமும் இல்ல.

நான் டாக்டர் கிடையாது, திருப்பூர்ல ஒரு சாதாரண அம்மா. எங்க பொண்ணுக்கு எல்கேஜி சேத்த வருஷம் அச்சு அசலா இதே பிரச்சனை. குழந்தைங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நான் பாட்டுக்கு ஒப்பாரி வெச்சிட்டு இருக்கேன், அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு "எத்தனை மணிக்கு தூங்குது, எத்தனை மணிக்கு அலறுது"ன்னு அதை மட்டும் திருப்பித் திருப்பி கேட்டாரு. அப்ப எரிச்சலாத்தான் வந்துச்சு. ஆனா பாதி விடை அந்த மணியிலதான் இருக்கு.

தூங்கி ஒரு மணி நேரத்துல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள அலறினா அது ஒரு ரகம். விடியக்காலம் மூணு நாலு மணிக்கு அழுதுட்டே வந்து நம்மள கட்டிப் பிடிச்சுக்கிட்டா அது வேற ரகம். மணி கணக்கே இல்லாம ராத்திரி பூரா நெளியறது, சிணுங்கறது, புரண்டு புரண்டு படுக்கறதுன்னா பெரும்பாலும் உடம்புல ஏதோ தொந்தரவு. நீங்க எழுதியிருக்கறத வெச்சு பாத்தா உங்க பொண்ணோடது முதல் ரகம், இதுக்கு நைட் டெரர்னு சொல்றாங்க. எதுக்கும் பெட் பக்கத்துல ஒரு காலண்டர் தாள வெச்சு, தூங்கின நேரம், அலறின நேரம், எவ்வளவு நேரம் நீடிச்சதுன்னு ஒரு ரெண்டு வாரத்துக்கு குறிச்சு வைங்க, டாக்டர்கிட்ட போனாலும் அதைத்தான் கேப்பாங்க.

நைட் டெரர்ல என்ன ஆகுதுன்னா, தூக்கத்தோட முதல் பாதியிலதான் ரொம்ப ஆழமான தூக்கம் வரும், அந்த ஆழத்துல இருந்து லேசான தூக்கத்துக்கு மாறற இடத்துல மூளை பாதி முழிச்சு பாதி தூங்கிட்டு நிக்குது. உடம்பு முழிச்சிடுது, கத்துது, கை கால உதைக்குது, ஆனா ஆள் முழிக்கல. எங்க பொண்ணு பாய் மேல நட்டுக்குத்தா உக்காந்திருப்பா, கண்ணு ரெண்டும் அகலத் தொறந்திருக்கும், ஆனா பார்வை நம்ம மேல இருக்காது, நமக்கு பின்னாடி இருக்கற பீரோவ பாக்கற மாதிரி இருக்கும், முடியெல்லாம் வேர்த்து நெத்தியில ஒட்டியிருக்கும், நெஞ்சுல கை வெச்சா ஓடி வந்தவ மாதிரி அடிச்சுக்கும், "வேண்டாம், போ, போ"ன்னு ஒரே கத்து. பாக்கறவங்களுக்கு குலை நடுங்கும். கொஞ்ச நேரத்துல சொல்லி வெச்ச மாதிரி பொத்துன்னு சாஞ்சு தூங்கிடுவா. காலைல எந்திரிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி தோசைக்கு சக்கரை கேப்பா. அவளுக்கு ஒண்ணும் ஞாபகமே இருக்காது, ராத்திரி பூரா முழிச்சு கெடந்தது நாமதான்.

இந்த ஞாபகம் இல்லாததுதான் பெரிய ஆறுதல். அவ பயந்து நடுங்கற மாதிரி நமக்கு தெரியுது, ஆனா அவ அனுபவத்துல அது பதியறதே இல்ல. அதனால காலைல உக்காத்தி வெச்சு "ராத்திரி எதை பாத்து பயந்த, யாரு வந்தா, ஸ்கூல்ல யாராவது அடிச்சாங்களா"ன்னு கேக்காதீங்க. இல்லாத பயத்த நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும், அப்புறம் படுக்கறதுக்கே பயப்படும்.

அந்த நேரத்துல என்ன பண்றதுன்னா, கிட்டத்தட்ட ஒண்ணும் பண்ணக் கூடாது. இதுதான் கஷ்டமே. உலுக்கி எழுப்பறது, இறுக்கிப் பிடிக்கறது, பளிச்சுனு டியூப் லைட் போடறது, முகத்துல தண்ணி அடிக்கறது எதுவும் வேண்டாம். எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை சத்தம் கேட்டு ஓடி வந்து சொம்பு தண்ணிய கையில எடுத்துட்டாங்க, எங்க வீட்டுக்காரர் மறிச்சு நிறுத்த வேண்டியதா போச்சு. எழுப்ப எழுப்ப குழப்பம் அதிகமாகும், அலறலும் நீளும். பக்கத்துல உக்காந்து, அடிபடாம பாத்துக்கிட்டு, மெல்லமா "அம்மா இங்கதான் இருக்கேன், படுத்துக்கோ"ன்னு ஒரே மாதிரி சொல்லிட்டு இருந்தா போதும், அதுவும் அவளுக்குக் கேக்குதோ இல்லையோ நம்ம மனசுக்கு. சில நிமிஷத்துல தானா அடங்கிடும், சில குழந்தைங்களுக்கு அரை மணி நேரம் கூட போகலாம். கட்டில் உயரமா இருந்தா கீழ பாய்லயோ மெத்தையிலயோ படுக்க வைங்க, பக்கத்துல பீரோ முனை, டேபிள் ஃபேன் எதுவும் வேண்டாம், வாசக்கதவு மேல்தாப்பா போட்டுடுங்க, ஏன்னா சில குழந்தைங்க எந்திரிச்சு ஓடவும் செய்யும். வெயில் காலத்துல மொட்டை மாடில படுக்கற பழக்கம் இருந்தா இது நிக்கற வரைக்கும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சரி, ஏன் வருது. இதுல முக்கியமான ஒண்ணு, கேட்டா சப்புன்னு இருக்கும்: தூக்கம் பத்தாதது. தூக்கம் பாக்கி விழுந்தா அடுத்த ராத்திரி உடம்பு அதை ஈடுகட்ட இன்னும் ஆழமா தூங்கும், அந்த ஆழத்துல இருந்துதான் இது கிளம்புது. 3ல இருந்து 5 வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்கணும்ங்கறது கணக்கு. இப்ப நம்ம வீட்டு நிலவரத்த பாருங்க, ஸ்கூல் வேன் எட்டு மணிக்கு வந்துரும், ஆறரைக்கு எழுப்பணும், அப்பா கம்பெனியில இருந்து வர ஒன்பதரை ஆகும், அப்பா வந்து கொஞ்ச நேரம் விளையாடினாத்தான் படுப்பேன்னு அடம், அப்புறம் போன்ல ரெண்டு வீடியோ, தூங்கறப்ப மணி பத்தரை. எட்டு மணி நேரம்தான் ஆச்சு. மத்தியானம் தூங்கிட்டு இருந்த பிள்ளைக்கு ஸ்கூல் சேத்ததும் அந்தத் தூக்கமும் கட். எங்களுக்கு ஸ்கூல் ஆரம்பிச்சதும் அலறல் ஆரம்பிச்சதும் ஒண்ணா இருந்ததால ஸ்கூல்ல ஏதோ நடந்திருக்கு, மிஸ் மிரட்டறாங்களோன்னு எல்லாம் யோசிச்சோம். மிஸ் பாவம், மத்தியானத் தூக்கம் போனதுதான் விஷயம்.

அதனால நாங்க படுக்கற நேரத்த எட்டரைக்கு இழுத்தோம், ஸ்கூல் விட்டு வந்ததும் நாலு மணிக்கு முக்கால் மணி நேரம் படுக்க வெச்சோம். அப்பாவோட விளையாடற நேரம் காலைக்கு மாறிடுச்சு, அவருக்கு ஆரம்பத்துல வருத்தந்தான். அப்புறம் இன்னொண்ணு கவனிச்சேன், அவ நல்ல தூக்கத்துல இருக்கற ஒன்பதரை மணிக்குத்தான் இவர் பைக்க கேட்டுக்குள்ள ஏத்துவாரு, அந்த இரும்பு கேட் கிரீச்சுங்கும். ஆழ்ந்த தூக்கத்துல சத்தம் வந்து இடிச்சாலும் இது கிளம்பும். பைக் தெருவுலயே நிக்க ஆரம்பிச்சுச்சு, கேட்டுக்கு எண்ணெய் விட்டோம். காய்ச்சல் அடிக்கற நாள்ல, ஊருக்குப் போய் வேற இடத்துல படுக்கற நாள்ல, ஒண்ணுக்கு போகாம படுத்த நாள்லயும் வரும், அதனால படுக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் கூட்டிட்டுப் போறத விடாதீங்க.

பரம்பரையும் உண்டு. எங்க வீட்லயும் காத்து கருப்புன்னு சொன்ன என் மாமியாரே ஒரு நாள் பேச்சு வாக்குல, உன் வீட்டுக்காரன் சின்னதுல தூக்கத்துலயே எந்திரிச்சுப் போய் திண்ணையில உக்காந்துக்குவான், உங்க மாமா தூக்கிட்டு வந்து போடுவாருன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. தூக்கத்துல நடக்கறதும் இந்த அலறலும் ஒரே குடும்பத்துச் சமாச்சாரம், அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இருந்திருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். உங்க மாமியார்கிட்டயும் மெதுவா கேட்டுப் பாருங்க, செல்லம் குடுத்தேன்னு சொல்ற வீட்டுக்காரர் வாய அடைக்கவாச்சும் உதவும்.

தூக்க நேரம் சரி பண்ணியும் தினம் ஒரே நேரத்துக்கு வருதுன்னா இன்னொரு வழி சொல்லுவாங்க. உதாரணத்துக்கு பத்து மணிக்கு அலறுதுன்னா, ஒன்பதே முக்காலுக்கே போய் தோள லேசா தொட்டு, ஒரு தடவை புரண்டு படுக்கற அளவுக்கு, இல்ல கண்ண பாதி தொறந்து மூடற அளவுக்கு கலைச்சு விட்டு மறுபடி தூங்க விடறது. இதை விடாம ரெண்டுல இருந்து நாலு வாரம் பண்ணணும். அந்த ஆழமான தூக்கத்தோட ஓட்டத்த நடுவுல மாத்தி விடறதுதான் இதோட சூட்சுமம். எல்லாருக்கும் வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன், நேரம் ஒரே சீரா இருந்தாத்தான் இது ஆகும், ஒரு நாள் ஒன்பது மணி ஒரு நாள் பன்னெண்டு மணின்னா விட்டுடுங்க.

விடியக்காலம் அழற ரகம் கெட்ட கனவு. கனவு அதிகமா வர்ற தூக்கம் ராத்திரியோட பின்பாதியிலதான் வரும். இதுல குழந்தை முழுசா முழிச்சிருக்கும், நம்மள தெரியும், தேடி வந்து கட்டிக்கும், கொஞ்சம் பேசத் தெரிஞ்சதுன்னா நாய் துரத்துச்சு, அம்மா காணோம்னு சொல்லும். இங்க செய்ய வேண்டியது நேர் எதிர், தூக்கி அணைச்சுக்கங்க, தண்ணி குடுங்க, சின்ன லைட் போட்டுக் காட்டுங்க. சாயங்காலத்துக்கு மேல போன்ல என்ன பாக்குதுன்னும் ஒரு கண்ணு வைங்க, கார்ட்டூன்தானேன்னு விட்டுடறோம், அதுல வர்ற பேயும் பல்லும் நமக்குத்தான் காமெடி.

மூணாவது ரகம், ராத்திரி பூரா நெளியறது. இதுல நம்ம ஊர்ல பலரும் யோசிக்காத ஒண்ணு கீரிப்பூச்சி. பகல்ல நல்லா இருக்கும், படுத்ததும் அரிப்பு வரும், ஏன்னா பொட்டைப் புழு ராத்திரிலதான் வெளிய வந்து ஆசனவாய சுத்தி முட்டை போடும். பிள்ளைக்கு சொல்லத் தெரியாது, பின்னாடி சொறிஞ்சுக்கிட்டு அழும், பொம்பளப் பிள்ளைங்கன்னா முன்னாடியும் எரியுதுன்னு சொல்லும். தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளிஞ்சா அதேதான். அங்கன்வாடி, ஸ்கூல்ல பிப்ரவரி, ஆகஸ்ட் மாசத்துல குடற்புழு நீக்கத்துக்கு அல்பெண்டசோல் மாத்திரை குடுக்கறாங்க இல்ல, அதே மாத்திரைதான் இதுக்கும், ஆனா அளவு வயசப் பொறுத்து மாறும், டாக்டர்கிட்ட கேட்டு குடுங்க. மாத்திரை புழுவ கொல்லும், முட்டைய கொல்லாது, அதனால ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒரு தடவை போடணும், குழந்தைக்கு மட்டும் இல்லாம வீட்ல எல்லாரும் சேந்து போடணும். நகம் வெட்டறது, காலைல எந்திரிச்சதும் கழுவி விட்டு ஜட்டி மாத்தறது, பெட்ஷீட்ட சுடுதண்ணில அலசறது இதெல்லாம் விட்டுட்டா திரும்பத் திரும்ப வரும்.

வாயத் தொறந்துட்டு குறட்டை விடறது, கழுத்த பின்னாடி வளைச்சு படுக்கறது, மூச்சு நின்னு நின்னு வர்ற மாதிரி இருக்கறதுன்னா மூக்குக்கு பின்னாடி அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம், காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டணும். இந்த மூச்சுத் திணறலே தூக்கத்தக் கலைச்சு நைட் டெரரையும் கிளப்பி விடும். சளி பிடிச்ச ரெண்டாம் நாள் படுக்க வெச்சாலே அழுது, தூக்கி வெச்சா அடங்குதுன்னா காதப் பாக்கச் சொல்லுங்க. கால் குடையுது, கால அமுக்கி விடுன்னு ராத்திரி பூரா படுத்தி எடுத்தா இரும்புச்சத்து குறையா இருக்கலாம், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும்.

மாமியார் விஷயத்துக்கு வரேன். உப்பு மிளகாய் சுத்திப் போடறது, கோயில்ல திருநீறு மந்திரிச்சு பூசறது, பள்ளிவாசல்ல ஓதிட்டு வர்றது இதுக்கெல்லாம் சண்டை போடாதீங்க, பெரியவங்க மனசு ஆறும், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு, தொக்கம் எடுக்கறேன்னு வாயில ஊதறது, உரம் விழுந்திருக்கு, சுளுக்கு எடுக்கறேன்னு சேலையில போட்டு உருட்டறது, சாம்பிராணிப் புகைய மூஞ்சிக்கு நேரா காட்டறது கண்டிப்பா கூடாது. அதே மாதிரி தூங்கறதுக்குன்னு சளி மருந்து ஊத்தற பழக்கம். சில குழந்தைங்களுக்கு அது தூக்கத்துக்கு பதிலா படபடப்பத்தான் குடுக்கும், குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்த 4 வயசுக்கு கீழ குடுக்கக் கூடாதுன்னு பாட்டில்லயே போடணும்னு 2023 டிசம்பர்ல மத்திய அரசு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்லிடுச்சு. உங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல இருக்கற பாட்டில திருப்பிப் பாருங்க.

பொதுவா இது பத்து வயசு, இல்ல பெரிய பிள்ளை ஆகறதுக்குள்ள தானா நின்னுடும். ஆனா ஒரே ராத்திரில நாலஞ்சு தடவை வருது, ஒவ்வொரு தடவையும் அதே கை, அதே முறுக்கு, அதே சத்தம்னு நகல் எடுத்த மாதிரி இருக்கு, உடம்பு விறைக்குது, வாய் ஒரு பக்கம் இழுக்குது, எச்சில் ஒழுகுது, பகல்லயும் வருது, இதுல எது இருந்தாலும் வலிப்பாவும் இருக்கலாம், காத்திருக்காதீங்க. போன்ல வீடியோ எடுத்துக்கங்க, முகமும் ரெண்டு கையும் தெரியற மாதிரி, ஆரம்பிச்சதுல இருந்து அடங்கற வரைக்கும். நாம வாயால எவ்வளவு விளக்கினாலும் டாக்டருக்கு அந்த ஒரு நிமிஷ வீடியோதான் உதவும், எங்களுக்கும் அதைப் பாத்துட்டுத்தான் ஸ்கேன் எதுவும் வேண்டாம்னு சொல்லி அனுப்பினாரு.