வானவில் யூக்கலிப்டஸ்: திருகோணமலையில வைக்க ஆசைப்படுற ஆக்களுக்கு

கேள்வி: பட்டையில இத்தினை நிறம் எப்பிடி வருது? (உப்புவெளி அக்கா)
பதில்: அக்கா, பட்டை ஒரேயடியா உரியிறேல்ல, ஒவ்வொரு கீலமா வேற வேற நேரத்தில கழரும். தம்பலகாமத்தில வாய்க்கால் ஓரம் நிக்கிற என்ர மரத்தில நேத்தும் ஒரு கீலத்தை நகத்தால கிளப்பிப் பாத்தன், உள்ளுக்க இளம்பச்சை, தொட்டா குளிரும். அது பச்சையம். நாள் போகப்போக டானின் எண்ட துவர்ப்புப் பொருள் சேர்ந்து நீலம், ஊதா, செம்மஞ்சள், கடைசியா மண்ணிறம். போட்டோவில வாற அளவு பளிச்செண்டு நேர்ல இராது, ஆனா மழை நனைச்ச நேரம் அவ்வளவு வடிவு.

கேள்வி: நிலாவெளி, கடல் 200 மீட்டர். வைக்கலாமா?
பதில்: வேண்டாம் தம்பி. மணல் ஈரத்தை வச்சிருக்காது, உப்புக்காத்து இலையைக் கருக்கிப்போடும்.

கேள்வி: விதை முளைக்கேல்ல.
பதில்: மண்ணுக்குள்ள புதைச்சிருப்பீங்கள். தூள் மாதிரி விதை, ஈர மண்ணுக்கு மேல தூவி ஸ்பிரேயால தெளியுங்கோ. கலர் கலரா பெரிய விதையெண்டு ஒன்லைன்ல வித்தா வாங்காதீங்கோ, ஏமாத்து.

கேள்வி: கிண்ணியா, கடக்கரைக் காணி?
பதில்: நிலாவெளித் தம்பிக்குச் சொன்னதுதான்.

கேள்வி: யூக்கலிப்டஸ் கிணத்தை வத்த வைக்குமே, ஊரைக் கெடுக்கிறீங்களா?
பதில்: கோவப்படாதீங்கோ அண்ணே. கெதியா வளருற மரம், தண்ணி நல்லாக் குடிக்கும், அதாலதான் கிணத்துக்கும் வீட்டுக்கும் கிட்ட வைக்காதீங்கோ எண்டு எப்பவும் சொல்லுறன். ஆனா இது பிலிப்பைன்ஸில இருக்கிற மிண்டனாவோ, இந்தோனேசியாவில இருக்கிற சுலவேசி, பிறகு நியூகினி, இந்தத் தீவுகளின்ர மழைக்காட்டு மரம், வருசம் முழுக்க மழை கேக்கும். எங்களுக்கு மாரி ஒக்டோபர்ல தொடங்கி ஜனவரியோட முடிஞ்சிடும், பிறகு மே மாதத்தில கச்சான் காத்து வந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகுது. இஞ்ச கஷ்டப்படுறது மரம்தான். வாய்க்காலோ வயலோரமோ இல்லாத ஆக்கள் இதை விடுங்கோ.

கேள்வி: அப்ப எங்கட மருதமரத்தை விட்டிட்டு உதென்னத்துக்கு?
பதில்: அதைத்தான் நானும் கேக்கிறன்! மாவலி ஓரத்தில நிக்கிற மருதங்களைப் பாருங்கோ, வழவழப்பா வெள்ளையும் இளஞ்சிவப்புமா பட்டை உரிஞ்சு நிக்கும். பத்து நிறமில்லை எண்டு சண்டைக்கு வாற ஆக்கள் பின்னேர வெயிலுக்க ஒருக்காப் பாத்திட்டு வந்து கதையுங்கோ. அதுவும் ஆத்தோர மரம்தான், ஆனா எங்கட வெயிலுக்குப் பழகினது. இடமும் தண்ணியும் இருந்தா ரெண்டையும் வையுங்கோ, இல்லாட்டி மருதுதான் என்ர தெரிவு.

கேள்வி: தொட்டியில?
பதில்: 60 மீட்டர் தாண்டுற மரம். நாத்து வயசில மட்டும்.

கேள்வி: நிலாவெளியில ஹோட்டல் முன்னால வைக்கலாமா?
பதில்: மேல ரெண்டு தரம் சொல்லிட்டன். வேண்டாம்.