ஒரே கிளாஸ், இரண்டு லோடர்

கேள்வி: எங்கள் அப்ளிகேஷனை ஜாவா அப்ளிகேஷன் சேர்வரில் ஏற்றினால் 'கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்' என்ற பிழை வருகிறது. இன்வொய்ஸ் கிளாஸை இன்வொய்ஸாக மாற்ற முடியாதாம்! என் லப்டொப்பில் யூனிட் டெஸ்ட் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. எங்கே தேடுவது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: புரோகிராம் வரிகளைத் திருத்தப் போகாதீர்கள், பிழை அநேகமாக அங்கே இல்லை. ஜாவாவுக்குப் பெயர் மட்டும் போதாது, அந்த கிளாஸை எந்த கிளாஸ் லோடர் (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) ஏற்றியது என்பதும் ஒன்றாக இருந்தால்தான் அது ஒரே கிளாஸ். இன்வொய்ஸ் கிளாஸ் உள்ள உங்கள் ஜார் (கிளாஸ்களைக் கட்டிய கோப்பு), முழு அப்ளிகேஷனையும் கட்டிய இயர் கோப்பின் லிப் ஃபோல்டரிலும் கிடக்கும், வெப் பகுதியைக் கட்டிய வார் கோப்புக்குள் இருக்கும் லிப்பிலும் கிடக்கும், இ.ஜே.பி. (சேர்வரில் வணிக வேலைகளைச் செய்யும் பகுதி) ஒரு பிரதியைப் பிடித்துக்கொள்ள, வெப் பகுதி தன்னிடம் உள்ள மற்றதை எடுத்துக்கொள்ளும், பிறகு இரண்டும் ஒன்றையொன்று அந்நியமாகப் பார்க்கும். டெஸ்டில் பொதுவாக ஒரே கிளாஸ்பாத் (கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்), அதனால்தான் அங்கே தெரியவில்லை.

உறுதிப்படுத்துவது சுலபம். இ.ஜே.பி. திருப்பித் தரும் ஒப்ஜெக்டின் கிளாஸ் லோடரையும், வெப் பகுதியில் இன்வொய்ஸ் கிளாஸின் லோடரையும் லொக்கில் அச்சிடுங்கள். வேறு வேறாக வந்தால் இதுதான் காரணம். ஜாவாவை ஓட்டும் ஜே.வி.எம்.மை 'வெர்போஸ் கிளாஸ்' ஒப்ஷனோடு தொடக்கினால் எந்த ஜாரிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

சரி, திருத்தம்: ஜாரை இயரின் லிப்பில் மட்டும் வையுங்கள். மேவன் என்ற பில்ட் கருவி என்றால் வார் மொடியூலில் அந்த ஜாருக்கான டிபென்டன்சியின் ஸ்கோப்பை 'ப்ரொவைடட்' (வெளியே கிடைக்கும், உள்ளே கட்ட வேண்டாம்) ஆக்குங்கள். பழைய பில்டை முழுதாக அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சேர்வரே தரும் ஏ.பி.ஐ. ஜார்களையும் உள்ளே வைத்துக் கட்ட வேண்டாம்.