மிதிக்காமலே சீறும் கார்: கேள்வி பதில்

கார் தானாக வேகமெடுப்பது பற்றியும் த்ராட்டில் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டு) கோளாறுகள் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பட்டறைக்காரன், பெட்ரோல் இன்ஜினும் அதன் வயரிங்கும்தான் என் பிழைப்பு. நேரில் பார்க்காத வண்டிக்கு "இதுதான் கோளாறு" என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கே தேடலாம் என்று சொல்வேன்.

கேள்வி: அண்ணா, ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சாவியைத் திருப்பி அணைத்துவிடலாமா?

முதலில் பிரேக். ஒரே மிதியாக, இருக்கும் பலம் முழுவதையும் போட்டு மிதியுங்கள். மிதித்த காலை எடுக்கவே கூடாது. கூடவே கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். மேனுவல் வண்டி என்றால் கிளட்சை அழுத்தினாலே போதும். இன்ஜின் காது கிழிய அலறும், அலறட்டும். ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஓர் அளவைத் தாண்டினால் எரிபொருளை வெட்டிவிடும் ஏற்பாடு இன்றைய கார்களில் உண்டு. அப்படியே கெட்டாலும் இன்ஜின்தானே, போகட்டும். வண்டி ஓரமாக நின்ற பிறகு அணைத்துக்கொள்ளலாம்.

விட்டு விட்டு மிதிக்காதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டர், அதாவது நம் மிதிக்குப் பலம் கூட்டும் பாகம், வேலை செய்வது இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில்) உண்டாகும் வேக்குவத்தால் (வெற்றிட உறிஞ்சலால்). த்ராட்டில் முழுதாகத் திறந்து கிடக்கும்போது அங்கே வேக்குவம் அநேகமாக இருக்காது. பூஸ்டருக்குள் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பதற்றத்தில் பம்ப் அடித்தால் அதுவும் தீர்ந்து பெடல் இறுகிவிடும். தப்பிப் பிழைத்தவர்கள் பலர் "பிரேக்கே பிடிக்கவில்லை" என்று சொல்வதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம்.

சாவியைப் பொறுத்தவரை, ஓடும் வண்டியில் அதைக் கடைசி வரை திருப்பி உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். வேறு வழியே இல்லை என்றால் ஒரு படி மட்டும் பின்னால் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ஓடும்போது சும்மா ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. பல மாடல்களில் சுமார் 3 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் அடுத்தடுத்துச் சில முறை தட்ட வேண்டும். உங்கள் வண்டியில் எது என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்து வையுங்கள்.

கேள்வி: இன்ஜின் முழு வேகத்தில் இழுக்கும்போது பிரேக்கால் அதை வெல்ல முடியுமா?

சாதாரணக் குடும்பக் காரில், பிரேக் நல்ல நிலையில் இருந்தால், முடியும். நிற்கும் தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் அரைகுறையாக மிதித்துக்கொண்டே நெடுந்தூரம் போனால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அதனால்தான் முதல் மிதியிலேயே முழு பலத்தையும் போடச் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது, நாற்பது வருடமாக ஓட்டுகிறார். போன மாதம் பார்க்கிங்கில் நிறுத்தும்போது வண்டி திடீரென்று பாய்ந்து சுவரில் மோதியது. பிரேக்கைத்தான் மிதித்தேன், மிதிக்க மிதிக்க வேகம் கூடியது என்கிறார். சர்வீஸ் சென்டரில் "ஆக்சிலேட்டரை மிதித்திருப்பார்" என்று சிரிக்கிறார்கள். அப்பா பொய் சொல்பவர் இல்லை.

தம்பி, உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை, அதை நான் நம்புகிறேன். சிரித்தவர்கள் செய்தது தவறு. ஆனாலும் "மிதிக்க மிதிக்க வேகம் கூடியது" என்ற அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் தனித்தனி அமைப்புகள். இரண்டும் ஒரே நொடியில் கெட்டு, மோதி நின்றதும் இரண்டும் தாமாகவே சரியாவது மிக மிக அபூர்வம். கால் இடம் மாறியிருந்தால் எல்லாமே பொருந்துகிறது. கால் எங்கே இருக்கிறது என்று நாம் கண்ணால் பார்ப்பதில்லை. பிரேக் என்று நினைத்து வைத்த கால், வண்டி பாய்ந்ததும் பயத்தில் இன்னும் அழுத்தும். அந்த நேரத்தில் காலைத் தூக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. பார்க்கிங்கிலும் ரிவர்ஸிலும் இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் அங்கே உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறோம், காலும் கூடவே நகர்கிறது.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1980களில் அமெரிக்காவில் ஆடி (Audi) நிறுவனத்தின் '5000' என்ற மாடல் கார் மீது இதே புகார்கள் குவிந்தன. 1986இல் தொலைக்காட்சியில் பெரிதாக வந்து விற்பனை படுத்தே போனது. அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 1989இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலானவை பெடல் மாறிய விபத்துகள் என்று சொன்னது. அதே நேரம் ஐடில் (பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கட்டுப்பாட்டுக் கோளாறு ஓட்டுநரைத் திடுக்கிட வைத்திருக்கலாம், பெடல்கள் அமைந்த விதமும் குழப்பத்துக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னது. எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். கால் தவறியது என்று தெரிந்த பிறகும், ஏன் தவறியது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதிக்காமல் 'பார்க்' (P) நிலையிலிருந்து கியரை எடுக்க முடியாது அல்லவா, அந்தப் பூட்டு பரவலானது அந்தச் சர்ச்சைக்குப் பிறகுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் விபத்துக்கு முந்தைய சில வினாடிகளின் பதிவு இருக்கும். பொதுவாக 5 வினாடி: ஆக்சிலேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டது, பிரேக் சுவிட்ச் விழுந்ததா, வேகம் என்ன. ஏர்பேக் விரியாத சின்ன மோதலில் பதிவாகாமலும் போகலாம், பதிவானாலும் பின்னால் அழிந்துவிடலாம். அதனால் ரிப்பேருக்கு விடும் முன்பே, அந்தப் பதிவை எடுத்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெடல் பதிவும் சென்சார் சொன்னதுதான் என்பதை மறக்க வேண்டாம். கூடவே பிரேக் சுவிட்ச் பதிவையும் பழுதுக் குறியீடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

கால் மாறியதுதான் என்று வந்தால் அப்பாவிடம் அதைச் சண்டையாகக் கொண்டுபோகாதீர்கள். எந்தச் செருப்போடு ஓட்டுகிறார், சீட் தள்ளி இருக்கிறதா, பாதத்தில் மரத்துப்போகும் தொந்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் முதியவர்களின் பெடல் விபத்துகள் பெரிய விவாதமாகி, தடை எதிரே இருக்கும்போது ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் வண்டியே அதைத் தடுக்கும் சாதனத்தை 2028 செப்டம்பரிலிருந்து புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் கட்டாயமாக்குகிறார்கள். உங்கள் வீட்டுக்கு அடுத்த கார் வாங்கும்போது இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃப்ளோர் மேட்டால் இவ்வளவு பெரிய விபத்து நடக்கும் என்பதெல்லாம் மிகைதானே?

மிகையே இல்லை. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே டொயோட்டா நிறுவனத்தின் லெக்ஸஸ் கார் ஒன்றில் நான்கு பேர் இறந்தார்கள். சர்வீஸுக்கு விட்ட வண்டிக்குப் பதிலாக டீலர் தற்காலிகமாகக் கொடுத்திருந்த கார் அது. அதில் கிடந்தது வேறொரு மாடலுக்கான கனத்த ரப்பர் மேட். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல்துறையில் வேலை பார்த்தவர், புதிதாகப் பழகுபவர் இல்லை. டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் வண்டியிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரைக் கையால் தரை வரை அழுத்துங்கள். பெடலின் கீழ் விளிம்பு மேட்டின் மேடான ஓரத்துக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்று குனிந்து பாருங்கள். பிறகு மேட்டை முன்னால் தள்ளிவிட்டு மறுபடி அழுத்துங்கள். ரப்பர் விளிம்பு பெடலின் மேல் ஏறி உட்கார்ந்தால், கையை எடுத்த பிறகும் பெடல் எழாமல் கிடக்கும். ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தவர் அப்புறம் மேட் மேல் மேட் போட மாட்டார். தரையில் இருக்கும் கொக்கி மேட்டின் ஓட்டையில் மாட்டியிருக்க வேண்டும். வண்டி கழுவக் கொடுத்து வாங்கினால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். தண்ணீர் பாட்டிலையும் டிரைவர் பக்கத் தரையில் போடாதீர்கள். அது உருண்டு பிரேக்குக்கு அடியில் போகும்.

கேள்வி: ஓடும்போதே பிக்கப் போய், செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி2135 வருகிறது. த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்கிறார்கள், விலை எக்கச்சக்கம்.

கொஞ்சம் பொறுங்கள். பெடலையும் த்ராட்டிலையும் இணைக்கும் கேபிள் இல்லாத கார்களில் பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டிலில் இரண்டு சென்சார் இருக்கும். பல த்ராட்டில் பாடிகளில் (த்ராட்டில் தட்டும் அதை அசைக்கும் மோட்டாரும் சேர்ந்த பாகம்) ஒன்றின் வோல்டேஜ் ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். இந்தக் கணக்கு இடித்தால் ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எதையும் நம்பாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து அல்லது வெட்டி, ஊர்ந்து வீடு சேரும் அளவுக்கு மட்டும் வண்டியை விடும். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம். எரிச்சலாக இருக்கும், ஆனால் சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறை என்று வடிவமைத்ததால்தான் அப்படி நடக்கிறது.

பி2135 என்றால் த்ராட்டிலில் உள்ள அந்த இரண்டு சென்சார்கள் சொல்வது ஒத்துப்போகவில்லை என்று மட்டுமே பொருள். பாகம் கெட்டது என்று பொருள் இல்லை. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா, ஏதாவது பின் உள்ளே தள்ளிப்போயிருக்கிறதா? இன்ஜின் ஓடும்போது வயரை மெல்ல அசைத்தால் ஸ்கேனரில் வோல்டேஜ் குதிக்கிறதா? எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா? இதையெல்லாம் பார்த்த பிறகும் கணக்கு இடித்தால் த்ராட்டில் பாடியை மாற்றுங்கள். பி2138 வந்தால் தேட வேண்டிய இடம் பெடல் பக்கம்.

கேள்வி: த்ராட்டில் பாடி சுத்தம் செய்த பிறகு ஐடில் 1500க்கு ஏறி நிற்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டி, பிரேக்கை விட்டால் ஓடப் பார்க்கிறது.

தட்டின் ஓரத்தில் கரி வளையம் சேரச் சேர, அந்த இடுக்கில் காற்று குறையும். அதை ஈடுகட்ட ஈசியூ தட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கக் கற்றுவைத்திருக்கும். நீங்கள் கரியைத் துடைத்துவிட்டீர்கள், அது பழைய கணக்கிலேயே திறக்கிறது. மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். சில வண்டிகள் சில நாள் ஓட்டத்தில் தாமே கற்கும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கழற்றிய வேக்குவம் குழாய் ஏதாவது மாட்டாமல் விட்டதா, கேஸ்கெட் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். இன்னொன்று: இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தட்டுக்குள் விரல் விடாதீர்கள். மோட்டார் சட்டென்று மூடினால் விரல் போகும்.

கேள்வி: பழைய கேபிள் வண்டி. காலை எடுத்த பிறகும் வேகம் உடனே இறங்குவதில்லை.

கேபிளின் உள் இழை பிரிந்திருக்கும், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். எண்ணெய் விட்டுச் சமாளிக்காதீர்கள், கேபிளை மாற்றுங்கள்.

கேள்வி: டீசல் கார் நின்ற இடத்திலேயே புகையைக் கக்கிக்கொண்டு அலறியது, சாவியை உருவியும் அணையவில்லை என்று நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

நம்பலாம். டர்போவின் ஆயில் சீல் போனாலோ ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ இன்ஜின் தன் சொந்த ஆயிலையே இழுத்து எரிக்கும். சாவி நிறுத்துவது டீசலைத்தான், ஆயிலை இல்லை. மேனுவல் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, மிகப் பெரிய கியரைப் போட்டு, கிளட்சை விட்டுத் திணறடித்து அணைக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி இல்லை. காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைத்தால் நிற்கும். கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள், உறிஞ்சிவிடும். பழக்கம் இல்லாதவர் அதைச் செய்யவே வேண்டாம், எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். இன்ஜின் வெடித்துத் தெறிக்கலாம்.

கேள்வி: டொயோட்டா கார்கள் தானாக வேகமெடுத்த விஷயத்தில் எலக்ட்ரானிக் கோளாறு என்று கடைசியில் நிரூபணம் ஆனதா, இல்லையா?

இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்கிறார்கள். அமெரிக்க அரசு கேட்டு நாசா பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் வந்த முடிவு: த்ராட்டிலைப் பெரிதாகத் திறக்கவைக்கும் எலக்ட்ரானிக் பழுது எதுவும் கிடைக்கவில்லை. கோளாறு என்று உறுதியானவை மேட்டும், உராய்வால் சிக்கிக்கொள்ளும் பெடலும். ஆனால் அதே ஆய்வில் ஒரு பெடல் சென்சாருக்குள் மயிரிழை போன்ற வெள்ளீய முளைகள் மின்னிணைப்பை ஷார்ட் ஆக்கியிருந்ததையும் பார்த்தார்கள். 2013இல் ஓக்லஹோமாவில் 2005 கேம்ரி விபத்து வழக்கில், மென்பொருளில் ஓட்டைகள் இருப்பதாக நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். ஜூரி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல் டொயோட்டா 120 கோடி டாலர் அபராதம் கட்டியது. அது மென்பொருளுக்காக இல்லை. மேட், பெடல் கோளாறுகளை மறைத்து மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக. என்னைக் கேட்டால், நாசா தேடிக் கிடைக்காதது என் பட்டறை ஸ்கேனரில் கிடைக்காது. அதனால் யாராவது "சாஃப்ட்வேர்தான் சார்" என்று இரண்டு நிமிடத்தில் சொன்னால் நான் நம்புவதில்லை, "டிரைவர்தான்" என்று இரண்டு நிமிடத்தில் சொன்னாலும் நம்புவதில்லை.

கேள்வி: மின்சாரக் காரில் த்ராட்டிலே கிடையாது. அப்படியென்றால் இந்தப் பயமும் கிடையாதுதானே?

பெடல் இருக்கிறதே! 2024 ஏப்ரலில் டெஸ்லா 3,878 சைபர்ட்ரக்குகளைத் திரும்ப அழைத்தது. காரணம், ஆக்சிலேட்டர் பெடலின் மேல் உறை கழன்று மேலேறி உள் பேனலில் மாட்டிக்கொண்டது. உறையை எளிதாகச் செருகச் சோப்பு நீர் தடவியிருந்தார்களாம். மோட்டாரின் இழுப்பு உடனடியாக வருவதால் கால் தவறினால் யோசிக்கும் நேரமும் குறைவு. ஒரே பெடலில் (ஆக்சிலேட்டரை விட்டாலே வண்டி வேகம் குறையும் முறையில்) ஓட்டிப் பழகியவர்கள் நாளுக்கு ஒரு முறையாவது பிரேக்கில் காலை வைத்து மிதித்துப் பழகுங்கள்.

கேள்வி: மேனுவல் பெட்ரோல் கார். கியர் மாற்றும்போது ஆர்பிஎம் ஒரு நொடி அப்படியே தொங்குகிறது. ஆபத்தா?

இல்லை. புகை மாசைக் குறைக்க, பல கார்களில் த்ராட்டிலைச் சட்டென்று மூடாமல் மெதுவாக மூடவைத்திருக்கிறார்கள். புதிதாக ஆரம்பித்ததென்றாலோ, ஒரு நொடிக்கு மேல் தொங்கினாலோ காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு முறை வண்டி தானாகச் சீறியது. சர்வீஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு "எங்களுக்கு வரவில்லை" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். இப்போது என்ன செய்ய?

முதலில், காரணம் தெரியும் வரை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். அப்புறம் ஒரு தாளில் எழுதுங்கள் அம்மா: இன்ஜின் சூடாக இருந்ததா, ஏசி ஓடியதா, க்ரூஸ் கன்ட்ரோல் போட்டிருந்ததா, கால் எந்தப் பெடலில் இருந்தது, ஆர்பிஎம் முள் எங்கே போனது, எப்படி அடங்கியது. வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறியிருந்தால் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் வழுக்கல், அது வேறு வியாதி. வாய்மொழியாகச் சொல்லாமல், ஜாப் கார்டில் "தானாக வேகம் கூடுகிறது" என்ற சொற்களையே எழுதவைத்து நகல் வாங்குங்கள். "பிக்கப் புகார்" என்று மாற்றி எழுத விடாதீர்கள். இன்னும் அழிக்கப்படாத பழுதுக் குறியீடுகளும், அவை பதிந்தபோது வண்டி இருந்த நிலையும் ஸ்கேனரில் இருக்கும். பேட்டரியைக் கழற்றும் முன்பே அதை அச்செடுத்துக் கேளுங்கள். அவற்றையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.