பாதி ஜான்சன் போதாது

கேள்வி: கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்த ஹைராம் ஜான்சனைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ஜப்பானியர் நிலச் சட்டத்தையும் இழுத்திருந்தீர்கள். தேர்ந்தெடுத்தவரைத் திருப்பி அழைக்கும் உரிமையை மக்களுக்குப் பெற்றுத் தந்த மனிதர் அவர். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்? பழைய குறையை இன்று ஏன் கிளற வேண்டும்? (வாசகர் ஒருவர்)

பதில்: ஜான்சன்மீது உங்களுக்கு இருக்கும் மதிப்பு எனக்கும் உண்டு. 1908இல் சான் பிரான்சிஸ்கோ ஊழல் வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்திலேயே சுடப்பட்டார். அந்த இடத்தில் துணிந்து போய் நின்று, அரசியல் தரகர் ஏப் ரூஃபுக்குத் தண்டனை வாங்கித் தந்தவர் ஜான்சன். 1910 தேர்தலில், மாநிலத்தையே சட்டைப்பையில் வைத்திருந்த சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தை அரசியலிலிருந்து விரட்டுவேன் என்று காரிலேயே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவருடைய தந்தையோ அதே நிறுவனத்தின் பக்கம் நின்ற அரசியல்வாதி. வென்ற மறு ஆண்டே, சட்டத்தை மக்களே முன்மொழியவும், சட்டமன்றம் இயற்றியதை வாக்கெடுப்பில் தள்ளவும், பதவியில் இருப்பவரைத் திருப்பி அழைக்கவும் அரசமைப்பில் வழி பிறந்தது. 2003இல் ஆளுநர் கிரே டேவிஸ் பதவி இழந்தது அந்த உரிமையால்தான்.

ஆனால் ‘எல்லோரும் அப்படித்தான்’ என்கிறீர்களே, அதை நான் ஏற்க மாட்டேன். 1913இல் அந்த நிலச் சட்டம் வந்தபோது ஜப்பான் எதிர்ப்புத் தெரிவித்தது. குடியரசுத் தலைவர் வில்சன் தம் வெளியுறவு அமைச்சர் பிரையனையே மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு அனுப்பி, பொறுத்திருக்கும்படி கேட்டார். சட்டமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர்களும் இருந்தார்கள். இத்தனையும் தெரிந்துதான் மே 19 அன்று ஜான்சன் கையெழுத்திட்டார். சட்டத்தில் ‘ஜப்பானியர்’ என்ற சொல்லே கிடையாது. ‘குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார்’ விளைநிலம் வாங்கக் கூடாது, மூன்றாண்டுக்கு மேல் குத்தகைக்கும் எடுக்கக் கூடாது என்று மட்டும் இருந்தது. ஆசியர்களுக்குக் குடியுரிமையை மறுத்தது மத்தியச் சட்டம். அதைக் காட்டி நிலத்தையும் மறுத்தது மாநிலம். 1923இல், அமெரிக்கக் குடியுரிமை கோரிய இந்தியர் பகத்சிங் திந்தின் வழக்கில், இந்தியருக்கும் அந்தத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பயிர் செய்த பஞ்சாபி விவசாயிகளும் அதே சட்டத்தில் சிக்கினார்கள்.

என்னை மிகவும் வாட்டுவது 1920. குத்தகையையும் முற்றாகத் தடுத்து, அமெரிக்காவில் பிறந்த தம் பிள்ளைகள் பெயரில் பெற்றோர் நிலத்தைப் பராமரித்த வழியையும் அடைக்க ஒரு சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தது சட்டமன்றம் அல்ல. ஜான்சன் காலத்தில் கிடைத்த மக்கள் முன்மொழிவு முறையிலேயே அது வாக்குக்கு வந்தது. பெரும்பான்மையோர் ஆதரித்து நிறைவேற்றினார்கள். உழுதவர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை. அதிகாரம் மக்கள் கைக்கு வந்தது என்று நாம் கொண்டாடும்போது, அந்த மக்களுக்குள் யாரைச் சேர்க்கவில்லை என்று கேட்பது கிளறல் ஆகுமா?

1917இலிருந்து இறக்கும்வரை அவர் செனட்டராக இருந்தார். 1924இல் ஜப்பானியக் குடியேற்றத்தை அடைத்த சட்டத்துக்கும் அங்கே துணை நின்றார். ஆகவே அது ஆளுநர் நாற்காலியில் ஒருமுறை சறுக்கியது அல்ல. ஜான்சனைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை நிச்சயம் வெளியிடுவோம்; 1911உம் 1913உம் அதில் சேர்ந்தே இருக்கும்.