கர்ப்பப்பைக் கட்டி புற்றுநோயா இல்லையா என்று எம்ஆர்ஐ எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடுமா?

'புற்றுநோய் இல்லை என்று சொல்வதற்கில்லை' என்ற ரகத்தில் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாதுங்க. சந்தேகம் கூடும், இல்லை குறையும். (நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். திட்ட வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திட்டவும்.)

எனக்கு 46 வயதில் 9 செ.மீ. கட்டி. அல்ட்ராசவுண்டில் ஃபைப்ராய்டு, அதாவது புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி என்றார்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, துண்டாக்கி எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீடு என்றார் டாக்டர். அதற்கு முன்னால் ஒரு எம்ஆர்ஐ.

ஸ்கேன் அறை வாசலில் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். மாமியார் கைப்பையிலிருந்து மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை எடுத்து என் கழுத்தில் கட்டிய பிறகுதான் செயினைத் தொடவே விட்டார். மெட்டிதான் வரவில்லை. இருபது வருஷ மெட்டி, நர்ஸம்மா சோப்பு போட்டு இழுத்தார்.

எம்ஆர்ஐயில் டி2 என்று ஒரு வகைப் படம்; சாதாரண ஃபைப்ராய்டு அதில் கருப்பாகத் தெரியுமாம். என்னுடையது பாதி வெளுப்பு. தண்ணீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்திலும் பளிச், அந்த நகர்வை அளக்கும் ஏடிசி எண்ணும் கம்மி. அதாவது செல்கள் நெருக்கியடித்து இருப்பதால் தண்ணீர் மூலக்கூறு நகர இடமில்லை. வில்லங்கம் என்னவென்றால் சார்கோமா என்கிற புற்றுநோய்க் கட்டியும் அப்படித்தான் தெரியும், செல் நெருக்கமான சாது ஃபைப்ராய்டும் அப்படித்தான் தெரியும். ஓரம் ஒழுங்காக இருந்தது, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்பதுதான் ஆறுதல்.

டாக்டர் திட்டத்தை மாற்றிவிட்டார். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுசாக எடுத்தார். தப்பித்தவறி சார்கோமாவாக இருந்து உள்ளேயே வைத்து அரைத்தால் வயிறெங்கும் சிதறிவிடும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ 2014-ல் எச்சரித்தது இதைத்தான். ஃபைப்ராய்டு என்று ஆபரேஷனுக்குப் போகிறவர்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்குச் சார்கோமா ஒளிந்திருக்கும் என்றது. அது மிகைக் கணக்கு என்கிற டாக்டர்களும் உண்டு, சண்டைக்கு வராதீர்கள்.

பயாப்ஸி முடிவு பதினோராம் நாள் வந்தது. ஃபைப்ராய்டுதான். "அப்புறம் எதுக்கு வயித்தைக் கிழிச்சாங்க?" என்றார் நாத்தனார். எனக்கு அந்த வருத்தமே இல்லை. நீங்களும் டாக்டரிடம் 'புற்றுநோயா?' என்பதோடு நிறுத்தாமல், 'முழுசாக எடுப்பீர்களா, துண்டாக்கியா?' என்று கேட்டுவிடுங்கள்.

என் எரிச்சல் வேறு. ஆறு வாரம் மருத்துவ விடுப்பு கேட்டதற்கு, எந்த உறுப்பு என்று கடிதத்தில் விவரமாக எழுதச் சொன்னார் ஹெச்எம். எழுதினேன். அந்தக் கடிதம் ஸ்டாஃப் ரூம் மேஜையில் விரித்தபடி நாலு நாள் கிடந்திருக்கிறது. திரும்பிப் போன அன்றைக்கு பி.டி. சார் தரையைப் பார்த்துக்கொண்டே, "கனமா எதுவும் தூக்காதீங்க டீச்சர்" என்றார்.