வீட்டுச் சாவி வாங்கும் நாளில் யாருக்கு டிப்ஸ்?

அமெரிக்காவில் முதல் வீடு வாங்கும் நம்மவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பல வருடம் நோட்டரியாக அலைந்து, இப்போது வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியில் குளோசிங், அதாவது கடைசிக் கையெழுத்து வேலை, பார்ப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, விற்பனை முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் எஸ்க்ரோ ஆபீசர் இரண்டு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். நூறு டாலர் கொடுக்கலாமா?

வேண்டாம். கடன் வாங்கி வாங்குகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு 3 வேலை நாள் முன்பே குளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற செலவுப் பட்டியல் வந்திருக்கும். இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள், எங்கள் கட்டணம் அதிலேயே இருக்கும். வாங்குபவர், விற்பவர் இருவர் பணமும் எங்கள் பொறுப்பில் இருக்கும்போது ஒருவரிடம் மட்டும் கைநீட்டினால் நன்றாகவா இருக்கும்? மனசு கேட்கவில்லையென்றால் அவர் பெயரைச் சொல்லி மேனேஜருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். சம்பள உயர்வு பேசும்போது அது உதவும்.

ரியல்டருக்கு, அதாவது வீட்டு ஏஜெண்டுக்கு?

அவருக்குக் கமிஷன் உண்டு. 2024 ஆகஸ்டிலிருந்து, வீடு பார்க்கக் கூட்டிப்போகும் முன்பே தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். டிப்ஸ் தேவையில்லை. ஆனால் ஒன்று: குறிப்பிட்ட டைட்டில் கம்பெனிக்கு உங்களை அனுப்பிவிட்டு அதற்காக அங்கே அவர் கமிஷன் வாங்கினால், 1974-இன் ரெஸ்பா என்ற வீட்டுப் பரிவர்த்தனைச் சட்டப்படி அது குற்றம்.

வீட்டுக்கு விலை மதிப்பிடும் அப்ரைசருக்கு?

தண்ணீர் கொடுங்கள். பணமோ பரிசோ கூடவே கூடாது.

ராத்திரி எட்டு மணிக்கு வீடு தேடி வந்த நோட்டரிக்காவது கொடுக்கலாமே?

அவருக்கான தொகையை டைட்டில் கம்பெனி கொடுத்துவிடும். பல மாநிலங்களில் நோட்டரி எவ்வளவு வாங்கலாம் என்பதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர். கூட வாங்கினால் அவருக்குத்தான் தலைவலி. ஒருமுறை ஒரு அம்மா 20 டாலர் நோட்டை நாலாக மடித்து என் முத்திரைப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டார். எடுத்து மேஜைமேலேயே வைத்தேன். முகம் வாடிப்போனவர், உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. அன்றைக்கு எனக்கு அது மூன்றாவது வீடு. அந்த மோர் இன்னும் நாக்கில் இருக்கிறது.

அப்போ யாருக்குத்தான் கொடுப்பது?

சாமான் தூக்குகிறவர்களுக்கு. இங்கே கணக்குப் பார்க்காதீர்கள். அரை நாள் வேலைக்கு ஆளுக்கு 20 டாலர், முழு நாளுக்கு 40 என்பது நடைமுறை. மாடிப்படி, வெயில், நம் மாவு கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் கூடவே கொடுங்கள். மொத்தமாக மேஸ்திரியிடம் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். வீடு வாங்கச் சில லட்சம் டாலர் செலவழித்துவிட்டு இங்கே பத்து டாலருக்கு யோசிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அன்று இரவு ஓட்டலில் சாப்பிட்டால்?

15 முதல் 20 சதவீதம். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கான மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். சில மாநிலங்களில் கூடுதல், டெக்சஸில் இன்றும் அதேதான்.

புது வீட்டுக்குத் தபால் கொண்டுவருபவருக்குத் தீபாவளிக்கு ஏதாவது?

ரொக்கம் வாங்க அவருக்கு அனுமதி இல்லை. ஒரு தடவைக்கு 20 டாலருக்குள் பொருளாகக் கொடுக்கலாம். முறுக்கு டப்பா தாராளமாகக் கொடுங்கள்.