ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோபியேவின் 7வது பியானோ சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு) பியானோ கலைஞர் ரிக்டர் வாசித்தால் ஏன் இவ்வளவு சிலாகிக்கிறார்கள்?

வேகத்துக்காக என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது பாதி பதில்தான்.

இந்த சொனாட்டாவை முதன்முதலில் மேடையேற்றியவரே ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர்தான். மாஸ்கோவில், 1943 ஜனவரி 18 அன்று. நான்கே நாளில் பாடம் பண்ணியதாக அவரே சொல்லியிருக்கிறார். கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் இசைக்கலைஞர்கள் சிலர் நகரவில்லை. அவர்களுக்காக முழுவதையும் திரும்ப வாசித்தாராம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை லெனின்கிராட் நகரைச் சுற்றி வளைத்திருந்த முற்றுகையில் முதல் உடைப்பு விழுந்ததும் அதே நாளில்தான். அந்த மனநிலையில் கேட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

சரி, வாசிப்புக்கு வருவோம். கடைசிப் பகுதி மூன்று நிமிடச் சொச்சம். தாளக் கணக்கு ஏழு. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் பழகிய காதுக்கு ஏழு புதிதில்லை, ஆனால் இங்கே அது 2, 3, 2 என்று உடைகிறது. இடது கை ஒரே சிறு வடிவத்தை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். நிறையப் பேர் ஆரம்பத்திலேயே முழு பலத்தையும் கொட்டிவிடுவார்கள், அப்புறம் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ரிக்டர் தாளத்தை இறுக்கிப் பிடித்து, சத்தத்தைச் சேமித்து, கடைசிப் பக்கங்களில்தான் அவிழ்த்துவிடுகிறார்.

நடுப்பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அதில் வரும் மணியோசை போன்ற இடத்துக்காகவே நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.